நிமிடத்துக்கு இருபது

நாகஜோதி சிமுலேஷன் லேபில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கியவள். மாநிலத்தில் அந்த ஆண்டு அதற்கு மேல் யாரும் வாங்கவில்லை. அதனால்தான் அவளுடைய டூட்டியில் ஒரு பெண்ணின் ஐந்து கால்விரல்கள் போனபோது, வேங்கைமலைப் பொது மருத்துவமனையில் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

செலினுக்குத் தெரிந்தது கோபம் மட்டும்தான். பெண்கள் மருத்துவ வார்டின் பொறுப்பு நர்ஸ் அவள். வயது நாற்பத்தாறு, சர்வீஸ் இருபத்துமூன்று. நாகஜோதி வந்து சேர்ந்த நாளில் அவளை எல்லோரிடமும் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைத்தவளும் அவள்தான்.

நர்ஸிங் மாணவிகள் வார்டுக்கு வருவது நின்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. நோயாளிகள் மீது கைபழகக் கூடாது, படிப்பு முழுவதும் பொம்மைகளிடம்தான் என்று சட்டம் வந்தபோது செலினும் அதை வரவேற்றாள். நரம்பு கிடைக்காமல் ஒரே கையில் ஆறு முறை குத்தும் மாணவிகளையும், பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டும் ஏழைப் பெண்களையும் அவள் வருடக்கணக்கில் பார்த்தவள். நான்காவது மாடியில் பன்னிரண்டு பொம்மைகள் வந்து படுத்தன. தொட்டால் சூடாக இருக்கும். நெஞ்சு ஏறி இறங்கும். நெற்றி வியர்க்கும். வலித்தால் முனகும், கேட்டால் பதில் சொல்லும். பதினோரு மருத்துவமனைகளின் பத்து வருடக் கேஸ் ஷீட்டுகளைப் படித்து, ஒரு நோயாளியின் உடம்பு எப்படி மோசமாகும், எப்படித் தேறும் என்று அவை கற்றுக்கொண்டிருந்தன. செத்தாலும் அரை மணி நேரத்தில் எழுந்து அடுத்த மாணவிக்குத் தயாராகிவிடும்.

அந்தச் சம்பவம் நடந்த வாரம் செலின் இரண்டு நாள் தலைநகரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். புதன்கிழமை மதியம் நேரே வார்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே இருபத்தேழாம் படுக்கையைப் பார்த்தாள். கைப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

சித்ராதேவி என்று பெயர். முப்பத்தொன்பது வயது. ஒரு தனியார் பள்ளியில் வேன் ஓட்டுகிறவள். சிறுநீரில் தொற்று, காய்ச்சல் என்று ஞாயிற்றுக்கிழமை சேர்ந்திருந்தாள். இப்போது அவள் மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. கழுத்தெலும்புக்கு மேலிருந்த குழிகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போயின. செலின் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.

தலைமாட்டில் இருந்த டேப்லெட்டை எடுத்தாள். முந்தைய நாளிலிருந்து ஆறு பதிவுகள். ரத்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தது, ஆனால் அபாயக் கோட்டுக்கு மேலேயே இருந்தது. மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் இருபது, இருபது, இருபது, இருபது, இருபது, இருபது. திரை முழுக்கப் பச்சை.

"டாக்டரைக் கூப்பிடு. ஐ.சி.யூ.வுக்குச் சொல்லு. ஓடு!" என்று டூட்டியில் இருந்த நாகஜோதியைப் பார்த்துக் கத்தினாள்.

சித்ராதேவி பதினொரு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தாள். தொற்று ரத்தத்தில் பரவியிருந்தது. இரண்டாம் நாள் ரத்த அழுத்தம் அடியோடு விழுந்தது. அதைத் தூக்கிப் பிடிக்கக் கொடுத்த மருந்து உயிரைக் காப்பாற்றியது. ஆனால் அது ரத்தக்குழாய்களைச் சுருக்கியதில் வலது பாதத்துக்கு ரத்தம் போகவில்லை. விரல்கள் முதலில் நீலமாகி, பிறகு கரி போல ஆயின. ஐந்தையும் எடுத்தார்கள்.

அந்தப் புதன்கிழமையே நாகஜோதியைத் தனியாக உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள் செலின்.

"எண்ணினியா?"

"இல்ல சிஸ்டர்."

மழுப்புவாள் என்று எதிர்பார்த்திருந்த செலினுக்கு அந்த நேரான பதில் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எண்ணாம இருபதுன்னு எப்படிப் போட்ட?"

"எப்பவும் இருபதுதானே சிஸ்டர் இருக்கும்?"

கிண்டல் செய்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அழுது வீங்கிய அந்த முகத்தில் கிண்டல் இல்லை. அந்தப் பெண் உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தாள்.

"முதல் மாசம் லேப்ல ஒழுங்கா எண்ணினேன் சிஸ்டர். எந்தப் பொம்மையா இருந்தாலும் இருபது. எப்பவாவது பதினெட்டு. ஒரு நிமிஷம் நின்னு எண்ணினா தாமதம்னு ரெண்டு மார்க் போகும். எல்லாரும் விட்டுட்டாங்க, நானும் விட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் தொண்ணூறுக்கு மேல வர ஆரம்பிச்சுது."

"கண்ணால பாத்தாலே தெரியுமேடி, மூச்சு வாங்குறது!"

"வேகமா விடுறாங்கன்னு தெரிஞ்சுது. காய்ச்சலா இருக்கும்னு நெனச்சேன். பொம்மைக்கு பி.பி. விழுந்தாதான் சிஸ்டர் ஆபத்து. இவங்களுக்கு பி.பி. இருந்துச்சே."

செலின் திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் பொருந்தவில்லை.

நாகஜோதியை அன்று மாலையே சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணைக் கமிட்டி மூன்று வாரத்தில் கூடும் என்றார்கள். செலின் டீனிடம் போய், தப்பு பொம்மையிடம் இருக்கிறது என்றாள். டீன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தொண்ணூத்தேழு மார்க் வாங்குன பொண்ணு சிஸ்டர். பயிற்சியில குறை இருந்தா அந்த மார்க் வருமா? கவனக்குறைவு, அவ்வளவுதான்" என்றார். அந்த மார்க்கைப் போட்டதே பொம்மைதான் என்று செலின் சொன்னாள். அவர் அடுத்த கோப்பைத் திறந்தார். நர்ஸிங் கல்லூரி முதல்வர், பாடத்திட்டம் தங்கள் கையில் இல்லை, பயிற்சி இயக்ககத்தைக் கேளுங்கள் என்றார். இயக்ககத்தில் போனை எடுத்தவர் புகாரை இணையத்தில் பதியச் சொன்னார். இணையத்தில் 'நோயாளி', 'ஊழியர்', 'கட்டடம்' என்று மூன்று வகைப் புகார்கள்தான் இருந்தன. பொம்மையைப் பற்றிப் புகார் சொல்ல வழியில்லை. செலின் 'கட்டடம்' என்பதைத் தேர்ந்தெடுத்து எழுதி அனுப்பினாள். நான்கு நாள் கழித்து, தங்கள் பகுதியில் நீர்க்கசிவு சரிசெய்யப்பட்டது என்று பதில் வந்தது.

ஐந்தாம் நாள் காலை டூட்டி முடிந்ததும் அவள் நான்காம் மாடிக்கு ஏறினாள்.

மாணவிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். பன்னிரண்டு பொம்மைகளும் படுத்திருந்தன. செலின் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு முழு நிமிடம் நின்று எண்ணினாள். இருபது. இருபது. இருபது. நிமோனியா என்று எழுதியிருந்த பொம்மை, "நெஞ்சு வலிக்குது சிஸ்டர்" என்று தழுதழுத்துக்கொண்டே நிமிடத்துக்கு இருபது மூச்சு விட்டது. ரத்தத்தில் தொற்று என்று எழுதியிருந்த பொம்மையின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். காய்ச்சல் ஏறியது, நாடி ஏறியது, மூச்சு மட்டும் இருபதிலேயே நின்றது. நாற்பதாவது நிமிடத்தில் ரத்த அழுத்தம் சரிந்தது. அப்போதும் இருபது. பிறகு திடீரென்று ஆறு, நான்கு, ஒன்றுமில்லை. இடையில் படிக்கட்டே கிடையாது. மாடியிலிருந்து நேரே தரை.

"இதுங்கள்ல ஒண்ணுகூட மனுஷி மாதிரி மூச்சு விடலை!"

சத்தம் கேட்டுக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஹபீபுல்லா எழுந்து வந்தான். பொம்மைகளைப் பராமரிக்கும் என்ஜினியர். முப்பது வயது இருக்கும். கையில் பாதி சாப்பிட்ட சப்பாத்தி.

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? உன் பொம்மைய நம்பி ஒரு பொண்ணு வேலை போய் உக்காந்திருக்கா. ஒரு அம்மாவுக்குக் காலே போச்சு. ரத்தத்துல விஷம் ஏறினா முதல்ல கூடுறது மூச்சுதான் தம்பி. பி.பி. விழறதுக்குப் பல மணி நேரம் முன்னாடியே கூடும். அதை எவன் உனக்குச் சொல்லித் தராம விட்டான்?"

"எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரலக்கா. பொம்மைக்கும் யாரும் சொல்லித் தரல. உங்க கேஸ் ஷீட்டுல என்ன இருந்துச்சோ அதைத்தான் அது கத்துக்கிச்சு."

"கேஸ் ஷீட்டுல இப்படியா இருக்கும்?"

அவன் சப்பாத்தியை வைத்துவிட்டுத் துடைத்த கையோடு கணினி முன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தட்டினான். திரையில் ஒரு படம் வந்தது. இடமும் வலமும் தரையோடு தரையாகச் சின்னச் சின்னக் கோடுகள். நடுவில் ஒரே ஒரு தூண், திரையின் உச்சியைத் தொட்டு நின்றது.

"ஒரு கோடியே இருபது லட்சம் மூச்சுப் பதிவு. நூத்துக்கு எழுபத்தொண்ணு இருபது. பதினெட்டையும் சேத்தா தொண்ணூறு தாண்டிடும்." அவன் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் இதைப் பிரிச்சுப் பாத்ததே இல்லக்கா. மேல இருக்கிறவங்க மொத்தமா ஏத்தி அனுப்பிட்டாங்க. பதினோரு ஆஸ்பத்திரி, பத்து வருஷம்... மனுஷங்க இப்படி மூச்சு விட மாட்டாங்க, இல்ல?"

செலின் குனிந்து அந்தத் தூணின் அடியிலிருந்த எண்ணைப் பார்த்தாள்.

"அப்போ யாரோ எண்ணாம எழுதியிருக்காங்க."

அவன் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஒரு கணக்குக்கு விடை கிடைத்தவன் போலத்தான் சொன்னான். செலினுக்குக் காது சூடாகியது.

"கையெழுத்துப்படி பாக்க முடியுமா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"முடியும். யாருது பாக்கணும்?"

"செ.அ."

எண்பத்துமூன்று சதவீதம். பத்து வருடங்களில் செலின் அந்தோணி நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முறை இருபது என்று எழுதியிருந்தாள். வரிசை வரிசையாகத் தேதியும் நேரமும் படுக்கை எண்ணும் ஓடின. ஹபீபுல்லா சிவப்பாக இருந்த ஒரு வரியில் நிறுத்தினான்.

"இதை மட்டும் பிழைன்னு பொம்மை ஒதுக்கிடுச்சு. அந்த அம்மா அஞ்சு பத்துக்கே இறந்துட்டாங்கன்னு டாக்டர் எழுதியிருக்காரு. ஆறு மணிக்கு மூச்சு இருபதுன்னு இருக்கு."

செலினுக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. அன்று வார்டில் அவள் ஒருத்திதான். ஒரு மூலையில் அந்த அம்மாளின் மகள்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் மேஜையில் உட்கார்ந்து நாற்பத்தாறு கேஸ் ஷீட்டுகளிலும் ஒரே ஓட்டமாக ஆறு மணிக் கட்டத்தை நிரப்பினாள். கை தானாக எழுதியது.

"மத்ததெல்லாம் பிழைன்னு அதுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான் ஹபீபுல்லா.

மாடிப்படியில் இறங்கும்போது அவள் தனக்குள் வாதாடிக்கொண்டே வந்தாள். எந்த நர்ஸ்தான் எண்ணினாள்? நாற்பத்தாறு படுக்கைக்குக் காலையில் இரண்டு பேர், மற்ற நேரத்தில் ஒருத்தி. ரத்த அழுத்தத்துக்குக் கருவி இருக்கிறது, ஆக்ஸிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது, மூச்சை எண்ணுகிற மானிட்டர் ஐ.சி.யூ.வில் மட்டும்தான். பொம்மைகள் மூச்சு விடுவதற்கு மோட்டார் வாங்கியவர்களுக்கு, மனிதர்கள் விடும் மூச்சை எண்ண ஒன்று வாங்கத் தோன்றவில்லை. இருபது என்று எழுதினாலும் யார் மோசமாகிறார்கள் என்று அவள் கண்ணுக்குத் தெரியும். வாசலில் நின்றே தெரியும். வார்டில் பழகிப் பழகி வந்த கண் அது. கட்டத்தில் எழுதியது வெறும் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை யாராவது படிப்பார்கள் என்றோ, அதிலிருந்து ஒரு உடம்பைச் செய்வார்கள் என்றோ அவள் கனவிலும் நினைக்கவில்லை. பொம்மைக்கு அவளுடைய கண் போய்ச் சேரவில்லை. அவள் எழுதிய இருபது மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது.

நர்ஸுகள் சங்கச் செயலாளர் தனபாக்கியத்திடம் விஷயத்தைச் சொன்னாள். இருவரும் ஒரே பேட்ச். தனபாக்கியம் கேட்டு முடித்ததும் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கமிட்டியில இதைச் சொல்லப் போறியா?"

"சொல்லலைன்னா அந்தப் பொண்ணோட லைசென்ஸ் போயிடும்."

"சொன்னா பதினோரு ஆஸ்பத்திரி நர்ஸுங்க மானம் போயிடும். செலின், நான் சொல்றதக் கேளு. நாளைக்குப் பேப்பர்ல என்ன போடுவான்? ஒருத்திக்கு நாப்பத்தாறு நோயாளின்னு போடுவானா? நர்ஸுங்க பொய் எழுதுறாங்கன்னு போடுவான். ஆள் போடு ஆள் போடுன்னு பதினஞ்சு வருஷமா தொண்டை கிழியக் கத்துறோம், ஒரு வரி வந்துச்சா?"

"அப்போ அவ போகட்டுங்கிறியா?"

"நான் அப்படிச் சொல்லல." தனபாக்கியத்தின் குரல் உடைந்தது. "எனக்கும் அந்த வயசுல ஒரு பொண்ணு இருக்கா. என்ன சொல்றதுன்னு தெரியல. போ."

கமிட்டி கூடுவதற்கு முந்தைய நாள் செலின் சித்ராதேவியைப் பார்க்கப் போனாள். அறுவைச் சிகிச்சை வார்டில், கட்டுப்போட்ட பாதத்தைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சிஸ்டர். நீங்கதான் என்னைத் தூக்கிட்டு ஓடுனீங்களாமே."

"வலி எப்படிம்மா இருக்கு?"

"வலி பரவால்ல. இல்லாத விரல்தான் அரிக்குது." அவள் லேசாகச் சிரித்தாள். "ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற காலு சிஸ்டர். ஸ்கூல்ல வேற டிரைவர் போட்டுட்டாங்களாம். போடாம என்ன பண்ணுவாங்க, பிள்ளைங்க போகணுமில்ல."

செலின் கட்டின் ஓரத்தைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கு? சின்னப் பொண்ணு, நாகஜோதி?"

"வீட்டுல இருக்கா."

"நல்ல பொண்ணு சிஸ்டர். மூச்சு பத்தலைன்னு ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் வந்துச்சு. கையப் புடிச்சுக்கிட்டு, எல்லாம் நார்மலா இருக்குக்கா, பயப்படாதீங்கன்னு மிஷினைக் காட்டுச்சு. பச்சையா இருந்துச்சு. சரி, நமக்குத்தான் பிரமைன்னு நெனச்சுட்டேன். அப்புறம் மூச்சு வாங்குனாலும் சொல்லல. படிச்ச பொண்ணைச் சும்மா சும்மா கூப்பிடக் கூடாதுன்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "மிஷின்தான் தப்பா சிஸ்டர்?"

"இல்லம்மா" என்றாள் செலின். அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

கமிட்டியில் ஐந்து பேர். தலைவர் டாக்டர் வேலாயுதம், ஓய்வுபெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். நாகஜோதி ஒரு மூலையில் துப்பட்டாவின் முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். செலின் ஹபீபுல்லா அச்செடுத்துக் கொடுத்த படத்தை மேஜைமேல் வைத்தாள். தூண் நடுவில் நின்றது. சொல்ல வேண்டியதைச் சொன்னாள். தன் கையெழுத்தில் இருந்த நாற்பதாயிரத்தையும் சொன்னாள். இறந்த அம்மாளைப் பற்றியும் சொன்னாள்.

டாக்டர் வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றினார். "அதாவது, இத்தனை வருஷமா நீங்க பொய் எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"உங்க கூட வேலை பார்க்கிறவங்களும்?"

"நான் என்னைப் பத்தித்தான் சார் சொல்ல முடியும். மிச்சத்தை அந்தப் படம் சொல்லுது." அவள் அந்தப் படத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "சார், நாப்பத்தாறு பேருக்கு ஒரு நிமிஷம் வச்சாலே முக்கால் மணி நேரம். நாலு மணி நேரத்துக்கு ஒருக்க எடுக்கணும். இடையில மருந்து, ஊசி, டிரிப், அட்மிஷன், டிஸ்சார்ஜ். ஒருத்தியால எப்படி சார் முடியும்? அதையும் எழுதிக்குங்க."

"ஆள் பற்றாக்குறை இந்தக் கமிட்டியின் வரம்புக்குள்ள வராது சிஸ்டர்."

"எந்தக் கமிட்டியோட வரம்புக்குள்ள சார் வரும்?"

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து செலினைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை எழுத வேண்டுமா என்று தலைவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"என்னை என்ன வேணாப் பண்ணுங்க. இந்தப் பிள்ளைக்கு நாங்க சொல்லிக் கொடுத்ததைத்தான் இவ செஞ்சிருக்கா. எங்க கையெழுத்துதான் இவளுக்கு வாத்தியார். பொம்மைகளை நிறுத்துங்க. ஆறு மாசமாவது பிள்ளைங்களை வார்டுக்கு அனுப்புங்க."

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. நாகஜோதியை எச்சரிக்கையோடு வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். செலினை வார்டிலிருந்து எடுத்து, தரவுச் சரிபார்ப்பு என்று ஒரு பெயர் வைத்து, நான்காம் மாடிக்கே மாற்றினார்கள். மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் விளக்கம் கேட்கப்படும் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. பொம்மைகளை நிறுத்தவில்லை. இனி வரும் சரியான பதிவுகளைக் கொண்டு அவை மாதந்தோறும் தாமாகவே திருத்திக்கொள்ளும் என்று உத்தரவில் ஒரு பத்தி இருந்தது. வார்டுக்கு ஒரு நர்ஸ்கூடக் கூடுதலாகப் போடவில்லை.

தனபாக்கியம் அதற்குப் பிறகு கேண்டீனில் செலினைப் பார்த்தால் வேறு மேஜைக்குப் போனாள்.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு நாள் ஹபீபுல்லா உற்சாகமாகக் கூப்பிட்டான். "அக்கா, வந்து பாருங்க."

திரையில் தூண் இல்லை. அழகான ஒரு குன்று இருந்தது. பதினாறில் மெல்ல ஏறி, பத்தொன்பது இருபத்தொன்றில் உயர்ந்து, இருபத்துநான்கில் மெல்ல இறங்கியது.

"இப்பத்தான் மனுஷங்க மாதிரி இருக்கு. நீங்க பேசுனதுக்குப் பலன் கெடச்சிருச்சுக்கா."

செலின் அந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தன் பழைய வார்டின் பதிவுகளைத் திறக்கச் சொன்னாள். பதினெட்டு, இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபத்தொன்று, பதினேழு, இருபத்துமூன்று. ஒன்றைப் போல ஒன்று இல்லை. இருபது அநேகமாக இல்லவே இல்லை. பதினாறுக்குக் கீழே யாரும் இல்லை, இருபத்துநான்குக்கு மேலேயும் யாரும் இல்லை. இரண்டு மாதமாக அந்த வார்டில் ஒருத்திக்குக்கூட மூச்சு வாங்கவில்லை. ஆஸ்துமாக்காரிக்குக்கூட.

"தம்பி, இதையும் யாரும் எண்ணல."

"என்னக்கா சொல்றீங்க? எல்லாம் வேற வேறயா இருக்கே."

"வேற வேறயா எழுதச் சொன்னாங்க. எழுதுறாங்க."

ஹபீபுல்லா மறுபடி திரையைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த உற்சாகம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. முன்பாவது தூண் ஒன்று நின்று காட்டிக்கொடுத்தது. இனி அதுவும் இல்லை.

"ஒதுக்கின பதிவு ஏதாவது இருக்கா? பிழைன்னு கழிச்சது?" என்று செலின் கேட்டாள்.

"இருக்கு. இப்ப ஒரு வேளைப் பதிவு வார்டு முழுக்க ஒரே ஷீட்டாத்தான் வருது. பாதி நிரப்பின ஷீட்டெல்லாம் எடுத்துக்காது. காலி இருந்தா முழு ஷீட்டையும் தள்ளிடும்." அவன் அந்தப் பட்டியலைத் திறந்தான். "உங்க வார்டுல முப்பத்தொண்ணு. எல்லாம் ஒரே கையெழுத்து."

நா.ஜோ.

முதல் ஷீட்டில் ஒன்றாம் படுக்கை பதினாறு. இரண்டு, இருபத்தாறு. மூன்று, பதினான்கு. நான்கு, முப்பத்தொன்று, எதிரே, டாக்டரிடம் சொன்னேன் என்று ஒரு குறிப்பு. ஐந்து, பத்தொன்பது. அப்படியே பத்து, பதினொன்று வரை. அதற்குப் பிறகு மூச்சுக் கட்டங்கள் காலி. ஒவ்வொரு ஷீட்டின் அடியிலும் ஒரே வரி தட்டச்சு செய்திருந்தது: 'மற்றவர்களுக்கு எண்ண நேரம் இல்லை.' முப்பத்தொரு நாள், முப்பத்தொரு முறை. சில நாள் ஒன்பதாம் படுக்கையோடு நின்றிருந்தது, ஒரு நாள் பதினான்கு வரை போயிருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு ரெண்டு மெமோ வந்திருக்கு" என்றான் ஹபீபுல்லா, பக்கத்துப் பெட்டியைப் படித்துவிட்டு. "பணியில் மந்தம், பதிவுகள் முழுமையில்லைன்னு."

"இதை மட்டும் பொம்மைக்குக் கொடுக்க முடியாதா?"

"என் கையில இல்லக்கா. எழுதிக் கேக்கலாம். இயக்ககத்துக்கு."

செலின் சிரித்துவிட்டாள். சிரிப்பு அழுகை போல இருந்தது. "எழுது. 'கட்டடம்'ங்கிற வகையில போடு" என்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறக்காமலே அவள் படியிறங்கிப் போனாள். வார்டில் மதியச் சலசலப்பு. பார்வையாளர்கள் தூக்குவாளிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். நாகஜோதி எட்டாம் படுக்கையின் அருகே கடிகாரத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். மேஜைமேல் மருந்து டிரே அப்படியே இருந்தது. தூரத்தில் யாரோ டிரிப் முடிந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். செலினைப் பார்த்ததும் அவள் உதடுகள் அசைந்தன. எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் பேசவில்லை.

செலினுக்கு இப்போது இந்த வார்டில் வேலை இல்லை, பதிவு செய்ய அனுமதியும் இல்லை. முடிந்த டிரிப்பை மாற்றினாள். மேஜையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போனாள். நாற்பத்தாறாம் படுக்கையில் ஒரு பெண் தயிர்சாதம் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிஸ்டர், அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு நிமிஷம் பேசாம இருங்க."

எண்ணினாள். எழுதினாள். நாற்பத்தைந்துக்கு நகர்ந்தாள். நாற்பத்துநான்கில் ஒரு கிழவி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது. நாற்பத்திரண்டில் இருபத்தொன்பது வந்தது. இன்னொரு முறை எண்ணினாள், அதே இருபத்தொன்பது. அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்தே நாகஜோதிக்குக் கை காட்டினாள். அவள் ஓடிவந்து பார்த்து, டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பிப் போனாள்.

இரண்டு மணிக்குள் நான்காம் மாடிக்குத் திரும்ப வேண்டும். ஒன்று ஐம்பத்தைந்துக்குச் செலின் முப்பத்தெட்டாம் படுக்கையை முடித்து, காகிதத்தை நாகஜோதியின் கையில் கொடுத்தாள். நாகஜோதி அப்போது பதின்மூன்றை முடித்திருந்தாள். நடுவில் இருபத்துநான்கு பேர், யாரும் எண்ணாமல், மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.